மருந்துக் கடைக் கணினியும் வெட்டிய அட்டையும்

பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்கு, ஸ்டாக்கிஸ்டுகளுக்குத் தரவேண்டிய பாக்கி, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ரசீது ஆகிய இவையெல்லாம் மருந்துக் கடைக்கென விற்கப்படும் எந்த மென்பொருளிலும் இன்று உண்டாகையால், அவற்றை விஸ்தரிப்பதில் பிரயோஜனமில்லை. மும்பையில் அணுசக்தி நகர் என்ற நகரியத்துக்கு வெளியே மான்குர்ட் பக்கம் உள்ள எங்கள் கடையில் சில மாதங்களாக உபயோகத்திலிருக்கும் மென்பொருளின் ஒரு பெரிய நன்மையையும், அந்த நன்மையையே உள்ளிருந்து அரித்துவிடும் ஒரு குறையையும் சொல்வதே என் நோக்கம்.

முதலில் நன்மை. மருந்து வியாபாரத்தில் நஷ்டத்துக்கும் அபாயத்துக்கும் ஒருசேரக் காரணமாவது காலாவதி. பில்லில் மருந்தின் பெயரை அடித்தவுடன், எந்த பேட்ச் முன்னதாகக் காலாவதியாகிறதோ அதையே இந்த மென்பொருள் முதலில் காட்டுகிறது. வரும் மூன்று மாதங்களில் காலாவதியாகப் போகும் சரக்கை, ஸ்டாக்கிஸ்ட் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள், கம்பெனிவாரியாகப் பட்டியலிட்டுக் கையில் தருகிறது. அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும் அச்சாகியிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தை உபயோகிக்கலாம் என்பது விதி. முதல் தேதியன்றே பேட்சை முடக்கிவிடும் மென்பொருள்கள் நடுவே, இது அந்த விதியை அறிந்து நடக்கிறது. 2014 மார்ச் 1 முதல் அமலில் உள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்கு மருத்துவர், நோயாளி, அளவு ஆகிய விவரங்களைத் தனியே பதிந்து மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டுமே, அந்தப் பதிவேடும் பில்லோடு பில்லாகத் தானே உருவாகிவிடுகிறது. இவ்வளவும் மனமாரப் பாராட்ட வேண்டிய விஷயங்கள்.

குறை, அட்டையை வெட்டும்போது ஆரம்பிக்கிறது.

இந்தப் பேட்டையில் மருந்து முழு அட்டையாக விற்பதைவிடப் பிரித்து விற்பதே அதிகம். நகரியத்துக்குள் இருக்கும் அணுசக்தித் துறை ஊழியர்களும், அத்துறையின் ஓய்வூதியர்களும் தங்கள் மருத்துவத் திட்டத்தின்கீழ் மாத மருந்தைப் பெற்றுக்கொள்கிறவர்கள். அடுத்த முறை போகும் நாளுக்கு இடையில் சில மாத்திரை குறைந்துவிட்டால்தான் வெளிக்கடைக்கு வருவார்கள். “தம்பி, பிரஷர் மாத்திரை அஞ்சு போதும்ப்பா, வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறேன்” என்று கேட்கும் அம்மாளுக்கு முழு அட்டையைத் திணிப்பது தர்மமாகாது. கோவண்டியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் வரும் தினக்கூலிக்காரருக்கோ அன்றன்றைய மருந்துக்குத்தான் அன்றன்று பணம். ஆகவே அட்டையை வெட்டியே தீரவேண்டும்; பேட்ச் எண்ணும் காலாவதியும் அச்சான முனை கடையிலேயே தங்கும்படி எதிர்முனையிலிருந்து வெட்ட வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம்.

வெட்டுவதை இந்த மென்பொருள் அறியாததல்ல. ஆறு அட்டையும் நாலு மாத்திரையும் இருந்தால் ‘6:4’ என்று காட்டும். ஆனால் ஓர் அட்டைக்கு எத்தனை மாத்திரை என்ற தகவலை பேட்சோடு சேர்த்து வைக்காமல், மருந்தின் பெயரோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஏழு, பத்து, பதினாலு, பதினைந்து, முப்பது எனப் பலவிதமாக அட்டைகள் வருகிற நம் தேசத்தில், பத்தாக வந்துகொண்டிருந்த மாத்திரையைக் கம்பெனி திடீரென்று பதினைந்தாக அனுப்பும்போது, புதிய சரக்கை வரவு வைப்பதற்காக அந்த எண்ணை மாற்றினால், ரேக்கில் கிடக்கும் பழைய அட்டைகளும் அந்தக் கணமே பதினைந்தாகிவிடுகின்றன. 64 மாத்திரை இருந்த இடத்தில் கணினி 94 என்கிறது. பத்து மாத்திரைக்கு 60 ரூபாய் விலையுள்ள பழைய அட்டையிலிருந்து மாத்திரை ஆறு ரூபாய்க்குப் பதிலாக நாலு ரூபாய்க்குப் பில்லாகிறது.

இது கடைக்காரனின் நஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் பதினைந்து பத்தாகக் குறைந்தால் என்ன ஆகும்? 90 ரூபாய்ப் பழைய அட்டையின் மாத்திரை ஆறு ரூபாய்க்குப் பதில் ஒன்பது ரூபாய்க்கு விலைபோகும். பிரித்து விற்கும் மருந்துக்கு விகிதாசார விலைக்குமேல் வாங்கக்கூடாது என்று 2013ஆம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு சொல்கிறது. அந்தக் குற்றத்தைக் கடைக்காரன் அறியாமலேயே கணினி அவன் பேரில் செய்துவிடும். நோயாளியோ அச்சடித்த பில்லை நம்பிப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

மருந்தை வேறொரு பெயரில் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள் என்பது மென்பொருளை விற்றவர்கள் சொல்லும் பரிகாரம். அவ்வாறு செய்தால், ஒரே மருந்து இரண்டு பெயர்களாகப் பிரிந்து, முன்னதாகக் காலாவதியாவது முன்னே வரும் என்ற அந்த அருமையான ஒழுங்கு குலைந்துவிடுகிறது. அவசரத்தில் கடைப் பையன் புதிய பெயரைத் தட்டி விற்க, பழைய பெயரில் உள்ள சரக்கு ரேக்கிலேயே கிடந்து காலாவதியாகிறது. எந்த நன்மைக்காகப் பணம் கொடுத்தோமோ அதையே பரிகாரம் விழுங்கிவிடுகிறது.

கணினியால் மருந்திருப்பை ஆள முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கணினியில் கண்காணித்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து மருந்து விநியோகித்து, மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால் கிடங்கில் பெட்டி பெட்டியாகச் சரக்கு நகருமேயன்றி அட்டையை யாரும் வெட்டுவதில்லை. மொத்த வியாபாரத்தின் கணக்கைச் சில்லறைக் கவுண்ட்டருக்கு அப்படியே கொண்டுவந்ததால்தான் இந்தக் குறை நேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். சில்லறைக் கடைக்கும் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது: 2023 ஆகஸ்ட் 1 முதல் முன்னணி 300 மருந்து பிராண்டுகளின்மேல் கட்டாயமாக்கப்பட்ட கியூஆர் குறியீட்டில் பேட்ச் எண்ணும் காலாவதியும் அடங்கியிருக்கின்றன. பளபளக்கும் தகட்டின்மேல் மங்கலாகப் பதிந்த எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக் கையால் அடிக்கும் சிரமம் அதனால் குறையும். எத்தனை மாத்திரை என்ற எண்ணை பேட்சோடு சேர்ப்பது மட்டும் மென்பொருள் எழுதுகிறவர்களின் பொறுப்பு.

கையெழுத்துப் பேரேட்டுக்குத் திரும்புங்கள் என்று எவருக்கும் நான் சொல்லமாட்டேன். காலாவதிப் பட்டியல் ஒன்றுக்காகவே கணினி அவசியம். ஆனால் வாங்குவதற்குமுன், ஒரே மருந்தைப் பத்து மாத்திரை அட்டையாக ஒரு பேட்சும் பதினைந்து மாத்திரை அட்டையாக இன்னொரு பேட்சும் வரவு வைத்து, இரண்டிலிருந்தும் ஐந்தைந்து மாத்திரை விற்று, இருப்பையும் விலையையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். கணக்கு சரியாக வராத மென்பொருளை, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.