ஆரம்பத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு

கச்சேரியைப் பல டிராக்குகளில் நேரடியாகப் பதிவு செய்கிறவருடைய சாமர்த்தியத்தை அவர் மைக் வைக்கும் நேர்த்தியிலும் பிற்பாடு மிக்ஸிங் செய்யும் நயத்திலும் கண்டு வியக்கும் ரசிகர்கள் அநேகர். பதிவு துவங்கியதும் மேடையின் நடுவில் நின்று பளிச்சென்று ஒரு தரம் கை தட்டுகிறாரா என்பதைக் கொண்டே அவருடைய தராதரத்தை அறிந்துகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தட்டு இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்குப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் 'அமேசிங் கிரேஸ்' திரைப்படத்தைக் காட்டிலும் பெரிய சாட்சி நான் அறிந்தவரையில் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படமும் அதுதான்.

1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில், ஜேம்ஸ் கிளீவ்லண்ட் பாதிரியார் துணை நிற்க, அலெக்ஸாண்டர் ஹாமில்டன் பாடகர் குழுவை நடத்த, அரீதா பாடினார். ஒலிப்பதிவு குறைவற அமைந்து அதே ஆண்டில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. படம் பிடிக்க வந்த இயக்குநர் சிட்னி பொல்லாக்கின் குழுவோ, கேமராக்களின் முன் கிளாப் அடிக்காமலே சுருள் சுருளாக எடுத்துத் தள்ளிற்று. ஏறக்குறைய 20 மணி நேரக் காட்சிகள். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் 400 அடிச் சுருள் சுமார் 11 நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்ற கணக்கை வைத்துக்கொண்டால், நூற்றுக்கும் குறையாத துண்டுகள், ஒலிநாடாவின் எந்த வினாடிக்கு உரியவை என்று சொல்லும் அடையாளம் ஏதுமின்றிக் குவிந்து கிடந்திருக்க வேண்டும். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை அமர்த்திப் பார்த்தும் காரியம் கைகூடவில்லை. பின்னாளில் ஆலன் எலியட் என்பவர் அந்தக் காட்சிகளைப் பெற்று, கணினியின் துணையால் ஒலியையும் ஒளியையும் பொருத்தி முடித்த பிறகு வழக்குகளும் குறுக்கிட்டன. அரீதா காலமான 2018ஆம் ஆண்டின் கடைசியில்தான் படம் திரையைக் கண்டது. வழக்குகள் பிற்பாடு வந்தவை. முதல் முடிச்சு, ஒரு வினாடி கூடப் பிடிக்காத அந்தத் தட்டு விழாமற் போனதுதான்.

அந்தப் படத்தைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் என் கண் அரீதாவின் முகத்தை விட்டு டிரம்ஸ் வாசிக்கும் பெர்னார்ட் பர்டியின் கோலிடம் போய்விடுகிறது. கோல் தோலைத் தொடுகிற கணமும் காதில் ஓசை விழுகிற கணமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பிறகு பாடகர் குழுவினரின் கைகளைப் பார்க்கிறேன். கிளாப் கட்டை இல்லாத இடத்தில் சங்கீதமே கட்டையாக நின்று உதவுவது எனக்குப் பரவசமூட்டுகிற காட்சி. அரீதா நீட்டி இழைக்கும் ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் படத்தை ஒலியோடு பொருத்த இயலாது. பர்டியின் ஓர் அடி போதும்.

நம்முடைய சபாக்களில் இந்த உபத்திரவம் வேறு ரூபத்தில் வருகிறது. மேடையில் ஒரு ரெக்கார்டர், கூடத்தின் நடுவில் இன்னொன்று, கேமராவுக்குள் மூன்றாவது என்று தனித்தனிக் கடிகாரம் கொண்ட யந்திரங்களை ஓடவிட்டு, வர்ணத்தில் மூன்றையும் பொருத்திவிட்டால் மங்களம் வரையில் பொருந்தியிருக்கும் என்று நம்பி விடுகிறார்கள். இரண்டு கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லி வினாடி விலகிப் போகும். மூன்று மணிக் கச்சேரியின் முடிவில் அது வினாடியின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். விலகல் நன்றாக முற்றியிருக்கிற பின்பாதியிலேதான் தனி ஆவர்த்தனம் வருகிறது. ஆலாபனையில் மறைந்திருந்த பிழையெல்லாம் அங்கே அம்பலமாகிறது: வித்வானின் விரல் மிருதங்கத்தை விட்டு எழும்பிய பிறகு சொல் கேட்கிறது. முதல் தட்டு, டிராக் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும். அது போகப்போக விலகியதா என்பதைக் கடைசித் தட்டுதான் சொல்லும். இரண்டு இடத்திலும் இடைவெளி ஒன்றாயிருந்தால் டிராக்கை நகர்த்தினால் தீர்ந்தது. முடிவில் வளர்ந்திருந்தால் அந்த விகிதத்துக்கு நீட்டவோ சுருக்கவோ வேண்டும். நடுவில் எங்கோ திடீரென்று குதித்திருந்தால் கடிகாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, மெமரி கார்டு சில சாம்பிள்களை விழுங்கியிருக்கக்கூடும்; அப்போது வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. வினாடிக்கு 48 ஆயிரம் சாம்பிளில் எடுத்ததை 44.1 ஆயிரமாக எண்ணி ஓட்டிவிட்டால் ஸ்ருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கி, ஒரு மணிக் கச்சேரி 65 நிமிஷமாகிவிடும்; தம்பூரா ஒலித்த மாத்திரத்தில் சங்கீத ஞானமுள்ளவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். எல்லா யந்திரங்களையும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்தி விட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி எழுவதில்லை என்பது மெய்யே. ஆனால் கேமராக்காரர் ஒரு புறமும் ரெக்கார்டிஸ்ட் மறுபுறமுமாக வந்து சேரும் மேடையில் அது எப்போதும் கூடிவருவதில்லை.

சிங்க், அதாவது டிராக்குகளை ஒன்றோடொன்று பொருத்துவது, என்றால் ஒவ்வொரு மைக்கிலும் விழும் ஓசையை மற்ற மைக்குகளோடு மயிரிழை பிசகாமல் சேர்த்துவிட வேண்டும் என்று வாதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் செவி கூர்மையானது. இருந்தும் அவர்களோடு நான் இசையவில்லை. பாடகரிடமிருந்து மிருதங்கம் இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால், அதன் ஓசை பாடகரின் மைக்கை ஏறக்குறைய ஆறு மில்லி வினாடி தாமதமாகவே அடையும். அந்த ஆறைக் கழிக்கப் பாட்டின் டிராக்கை முன்னே இழுத்தால், மிருதங்க மைக்கில் கசிந்திருக்கும் பாட்டுக் குரல் இப்போது பன்னிரண்டு பின்தங்கும். ஒன்றைச் சீர்படுத்தப் போய் மற்றதை இரட்டிப்பாகக் கெடுத்தாயிற்று. கூடத்தில் பத்து மீட்டர் தள்ளி வைத்த மைக் இணையோடு சேர்க்கும்போது மேடை டிராக்குகளைச் சற்றே தாமதப்படுத்துவதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேடைக்குள்ளேயோ, அந்த ஆறு மில்லி வினாடிதான் வித்வான்கள் நெருங்கி உட்கார்ந்திருப்பதன் அடையாளம். அதை ஏன் துடைக்க வேண்டும்?

பெரியவர் ஒருவர், சபாக்களில் பதிவு செய்து வந்தவர், ஆரம்பத்தில் தேதியும் ராகமும் பாடகர் பெயரும் சொல்லி ஒரு தட்டுத் தட்டுவார். மங்களம் முடிந்து திரை இறங்கியதும், மைக்குகளில் ஒன்றைக்கூடத் தொடவிடாமல், மறுபடியும் நடுமேடைக்கு வந்து ஒரு தட்டுத் தட்டுவார். சபையோரின் கரகோஷம் ஏன் உதவாது என்று கேட்டதற்கு, ஆயிரம் கைகள் ஆயிரம் கணங்களில் தட்டுகின்றன, எந்தக் கையை நான் பிடித்துக்கொள்வது என்றார். இப்போதுள்ளவர்கள் அலைவடிவத்தை ஒப்பிட்டு மென்பொருளே பொருத்திவிடும் என்கிறார்கள். பொதுவான ஓசை கசிந்துள்ள டிராக்குகளில் அது அழகாகப் பொருத்துகிறது. எலெக்ட்ரானிக் தம்பூராவின் கம்பி வழியே நேராக வந்த டிராக்கைக் கொடுத்துப் பார்க்கட்டும்: ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக ஒலிக்கும் நாதத்தில் எந்த இடமும் மற்றோர் இடத்தைப் போலவே இருப்பதால், மென்பொருள் தன் இஷ்டப்படி ஓரிடத்தில் ஒட்டிவிட்டு வெற்றியென்று அறிவிக்கிறது.

கடைசித் தட்டுக்கு வேண்டியது அரை நிமிஷம். அடுத்த கச்சேரிக்காரர்களின் வாத்தியங்கள் திரைக்குப் பின்னாலே காத்திருக்க, மேடையை உடனே காலி செய்யுங்கள் என்று ரெக்கார்டிஸ்டை விரட்டாத காரியதரிசிகள் இன்றைக்கு எத்தனை சபாக்களில் இருக்கிறார்கள்?