வானத்துக்கு ஒளி, முகத்துக்கு இருள்

கடற்கரைக்குச் சென்று படம் எடுக்காமல் திரும்புவோர் இன்று அரியர். ஒருகாலத்தில் ஊருக்கு ஒருவரிடம் இருந்த ஒளிப்படக் கருவி, அலைபேசி வடிவில் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. எழுகதிர், ஈரமணலில் நண்டு இட்ட கோலம், கரையேற்றிய கட்டுமரம், உலரும் வலை, அதன்மேல் அமர்ந்த காகம் என யாவும் படமாகின்றன. படைத்தவரின் கைவண்ணத்தைக் கண்டு வியக்கும் உள்ளம் நல்ல உள்ளமே. அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், இப்படங்களை வரிசையாக வைத்து நோக்குங்கால் ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது: இக்கரையில் வாழும் மனிதரின் முகம் எங்கே?

மனிதர் இல்லாமல் இல்லை. வலை வீசும் ஒருவர், கரைவலை இழுக்கும் பத்துப்பேர், தலையில் மீன்கூடை சுமந்து நடக்கும் ஒரு தாய் என அவர்கள் படத்தில் உண்டு. ஆனால் பெரும்பாலும் கரிய நிழலுருவங்களாகவே உண்டு. பின்னால் செம்பொன் வானம். முன்னால் மை தீட்டியது போன்ற மனித வடிவம். இதன் காரணம் எளியது. கதிரவனை நோக்கித் திருப்பிய கருவி, வானத்தின் பேரொளியை அளந்து, அதற்கேற்பத் தான் ஏற்கும் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து வரும் சிற்றொளி அந்த அளவுக்குப் போதுவதில்லை. வானம் துலங்குகிறது, முகம் மறைகிறது. முகத்தை அளந்து எடுத்தாலோ முகம் தெளியும், வானம் வெளிறிப்போகும்.

இச்சிக்கல் புதியதன்று. 1857இல் பிரான்சின் தென்கரையிலுள்ள செட் என்னும் துறைமுக நகரில் குஸ்தாவ் லெ கிரே 'பேரலை' என்னும் புகழ்பெற்ற படத்தை ஆக்கினார். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்தமையால், கடலுக்கு ஏற்ற அளவில் எடுத்தால் வானம் வெறும் வெண்மையாய்ப் போய்விடும். ஆகவே அவர் கடலை ஒரு தகட்டிலும் மேகங்களை வேறொரு தகட்டிலும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். இன்றைய அலைபேசிகளும் இதற்கு நிகரான ஒன்றையே செய்கின்றன. வெவ்வேறு ஒளியளவுகளில் நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்துத் தாமே இணைத்துவிடுகின்றன. வானத்தையும் முகத்தையும் ஒருசேரக் காட்ட வழி பிறந்துவிட்டது. பின்னும் நாம் நிழலுருவத்தையே நாடுகிறோம் என்றால், குறை கருவியினுடையது அன்று, நம் சுவையினுடையது.

நம் பழந்தமிழ் இலக்கணம் இதை அளக்க ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் பறவையும் பூவும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழும் உள்ளத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தலுக்குக் கடலும் மணலும் எற்பாடும் மட்டும் போதவில்லை. இரங்கல் என்னும் மனித உணர்வு வந்த பின்னரே பாடல் நிறைவு பெற்றது. நம் கடற்கரைப் படங்களில் முதற்பொருள் ஒளிர்கிறது, கருப்பொருள் நிறைகிறது. உரிப்பொருளோ பெரும்பாலும் இல்லை. உழைக்கும் மனிதரும் கருப்பொருளோடு கருப்பொருளாய், காகத்துக்கும் கட்டுமரத்துக்கும் நடுவே வைக்கப்படுகின்றனர்.

இதற்கு மாறான ஒரு சான்று ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே உண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோவை அடுத்த மீனவச் சிற்றூர் நியூஹேவன். அங்கே 1840களின் நடுவில் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் மீனவரையும் மீன் விற்கும் பெண்களையும் படமெடுத்தனர். அவர்கள் கையாண்ட காகித முறைக்கு வெயிலும் வேண்டும். எடுக்கப்படுபவர் நெடுநேரம் அசையாதிருத்தலும் வேண்டும். சீறும் அலையை அதனால் பிடிக்க இயலாது. ஆனால் மனிதரைப் பிடிக்க இயன்றது, அவர் இசைந்தால். இசையாத எவரும் அவ்வளவு நேரம் அசையாது நிற்கமாட்டார் அன்றோ! அவர்களுள் ஒருவர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால். கூடையருகே பார்வை தாழ்த்தி நிற்கும் நியூஹேவன் மீன்காரப் பெண்ணின் படத்தைப் பற்றி 1931இல் எழுதிய வால்டர் பெஞ்சமின், கலையால் முற்றும் விழுங்கவியலாத ஏதோ ஒன்று அதில் எஞ்சி நிற்பதாகவும், அங்கே வாழ்ந்தவளின் பெயரை அது நம்மிடம் கேட்பதாகவும் கருதினார். நிழலுருவம் யாருடைய பெயரையும் கேட்பதில்லை.

முகத்தைக் காட்டுவது மீனவரின் தனிமையைக் குலைப்பதாகாதா, நிழலே அவர்க்குப் பாதுகாப்பன்றோ என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. துயரில் இருப்பவர்முன் கருவியை நீட்டுவது கொடுமைதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், கடலூரில் ஆர்க்கோ தத்தா எடுத்த படம் அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வு பெற்றது. மணலில் விழுந்து, கைகளை விரித்துக் கதறும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். இறந்தவரின் முகத்தைக் காட்டாமல் விட்ட அடக்கத்தை நாம் மதிக்கிறோம். உண்மையைச் சொன்ன படம் அது. எனினும் அதை எண்ணும்போதெல்லாம் ஒன்று நம்மை வருத்துகிறது. அழகுக்காக நிழலாகவும், அழிவுக்காகக் கண்ணீராகவுமே நம் கடலோர மக்கள் வெளியுலகை அடைகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே, வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டு சிரித்துப் பேசும் சாதாரண நாளின் முகம் அடைவதில்லை. நம் பங்குகளின் நாட்காட்டிகளும் விழா மலர்களின் அட்டைகளும் இதற்கு விலக்கல்ல என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்வோம்.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் கடற்கரையில் ஒரு விடியலைக் காட்டுகிறது. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீடர் எழுவர். கரையில் உயிர்த்த ஆண்டவர். அவரை அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. அவரோ அவர்கள் யாரென அறிந்திருந்தார். அவர் முதலில் கேட்டது மீன் ஏதும் உண்டா என்பதே. பின்னர்க் கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்திருந்தவர், அவர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கேட்டார். அந்த விடியலின் நிறத்தைப் பற்றி நற்செய்தியாளர் ஒரு சொல்லும் எழுதவில்லை. மீன்களின் எண்ணிக்கையையோ 153 என்று எண்ணிச் சொல்கிறார். உழைத்தவர்க்கு எது முதன்மை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. கதிரவனை எடுங்கள், நண்டின் கோலத்தையும் எடுங்கள். ஆனால் மனிதர் ஒருவரை நோக்கிக் கருவியை உயர்த்துமுன், இன்று மீன்பாடு எப்படி என்று கேளுங்கள். விடையைக் கேட்க நிற்கும் அந்த நேரத்தில் கதிரவன் சற்று மேலேறிவிடும். வானத்தின் செம்மை போய்விடும். போகட்டும். அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்திருக்கும். அவர் இசைந்தால் அப்போது எடுங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படியை அச்சிட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த விழா மலரின் அட்டைக்கு அப்படியொரு படம் கிடைக்குமாயின், அது நம் கடற்கரையின் உண்மையான படமாக இருக்கும்.