கட்டடமும் தொழிலும்: லிட்டில் இந்தியாவின் மரபுடைமைப் பாதுகாப்பு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நிலத்தடியில் பெருவிரைவு ரயில் பணிகள் நடைபெற்றன. வடகிழக்குப் பாதை 2003இலும், டௌன்டவுன் பாதையின் இப்பகுதி 2015இலும் திறக்கப்பட்டன. இப்பெரும் பணிகளுக்கிடையே கடைவீடுகள் காக்கப்பட்டமை பாராட்டுக்குரியது. ஆயினும், கட்டுமானத்தையே வட்டார மரபின் முதற்பகையாகக் கருதும் பார்வையை நாம் ஏற்பதற்கில்லை. தோண்டிய சாலை மீண்டும் மூடப்படும்; உயர்ந்த வாடகை எளிதில் இறங்காது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டபின் பழைய கடைக்காரர்களுக்கு அச்சட்டத்தின் அரண் இல்லை. பாதுகாப்பு விதிகள் முகப்பையும் கூரையையும் ஐந்தடிப்பாதையையும் காக்கும். பூத்தொடுப்பவரின் வாடகையைக் குறைக்கா. ஆகவே, மரபுநடைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கட்டடங்களின் வயதோடு அவற்றுள் நிலைத்த தொழில்களையும் மறைந்த தொழில்களையும் பதிவுசெய்யப் பழக்குதல் வேண்டும். சான்றில்லாத் தொழிலுக்காக வாதிடுதல் இயலாது என்பதே நம் கருத்து.