ஜாய் ஹகிம்: இலக்கிய இடம்

ஜாய் ஹகிம் (பிறப்பு: 1931) ஆசிரியராகவும் இதழாளராகவும் பணியாற்றிய அமெரிக்க எழுத்தாளர். இளையோருக்காக வரலாற்றையும் அறிவியலையும் கதையாகச் சொன்னவர். குழுக்கள் தொகுத்த பாடநூல்களுக்கு மாற்றாக ஒரு கதைசொல்லியின் குரலை முன்வைத்தார்.

1990-களில் வெளிவந்த 'எ ஹிஸ்டரி ஆஃப் அஸ்' என்னும் பல தொகுதி நூலின் தலைப்பு 'அமெரிக்காவின் வரலாறு', 'நமது வரலாறு' என இருபொருள் தருவது. கொலம்பஸுக்கு முந்தைய பூர்வகுடிகளிலிருந்து தொடங்குவதன் வழியாக ஹகிம் அந்த 'நாம்' என்பதை விரிவாக்குகிறார்.

'தி ஸ்டோரி ஆஃப் சயின்ஸ்' (2004-2007) மூன்று தொகுதிகளில் அறிவியலைப் பிழைகளும் திருத்தங்களும் கொண்ட பயணமாகக் காட்டுகிறது. சூரியனே மையம் என்று அரிஸ்டார்கஸ் கி.மு. 3-ம் நூற்றாண்டிலேயே சொல்லியும் அரிஸ்டாட்டிலின் புவிமையக் கொள்கையே பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இதை வாசிக்கும் சிறுவர்கள் பெரும் பெயர்களையும் ஐயப்படக் கற்கிறார்கள்.

ஆனால் வரலாற்று நூலில் விரிந்த 'நாம்' இங்கே சுருங்குகிறது. தொகுதிகளின் தலைப்புகளில் இருப்பவை அரிஸ்டாட்டில், நியூட்டன், ஐன்ஸ்டைன் என்னும் பெயர்களே. இந்திய எண்முறையும் அரபு அறிஞர்களும் ஐரோப்பாவை நோக்கிச் செல்லும் கதையில் கிளைக்கதைகளாகவே வருகின்றனர். நாயகர்களைச் சார்ந்த கதைவடிவின் எல்லை இது. எனினும் அந்த எல்லையையே கேள்வி கேட்கும் வாசகர்களை உருவாக்குவது ஹகிமின் சாதனை.