கட்டத்துக்குள் ஒரு வாத்தியார்

2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீட்டுக் கட்டத்தைப் பார்த்தபோது, பிரதி திறந்துகொள்ளப் போகிறதுன்னு நானும் நம்பினேன். திறந்தால் உள்ளே இன்னொரு வாத்தியார். அதே பாடம், அசைகிற பொம்மைகளோடு. செல்போன் பெரியவர் கையில். பிள்ளை வெறும் பார்வையாளர். 2007-08இல் தமிழகமெங்கும் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை வந்த செயல்வழிக் கற்றலில் இருந்தது அட்டைதான். ஆனால் ஏணியில் தன் இடத்தைப் பார்த்துப் பிள்ளையே அட்டையை எடுத்தது. தொழில்நுட்பம் என்று நான் அதைத்தான் சொல்வேன் (சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்).

செல்போனில் ஒலிப்பதிவுன்னு ஒன்று இருக்கிறதே, அதைப் பாடம் ஏன் தொடுவதில்லை? உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை அப்பத்தா போடும் விடுகதையைப் பதிந்துவரட்டும். வகுப்பே கேட்டு எழுதட்டும். 'அங்கிட்டு' என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடிப்பதா, விடுவதா என்று வாத்தியார் முழிப்பார். நான் படித்த எம்.ஏ. தமிழும் அதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.