தொனி என்கிற சொல்

நம் மதிப்புரைகளில் அதிகமாக வேலை வாங்கப்பட்ட சொல் எது என்று கேட்டால், தொனி என்றுதான் சொல்வேன். கவிதையின் தொனி சிதறவில்லை, தொனியில் ஒரு விலகல் தெரிகிறது என்று எழுதிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடலாம். எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று கேட்பாரில்லை.

இச்சொல்லின் மேல் ஏற்கனவே இரண்டு சரக்குகள் ஏறியிருக்கின்றன. ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனனின் த்வனி: சொல்லாமல் உணர்த்தப்படும் பொருள். மற்றது, 1929-ல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பொருள், உணர்ச்சி, நோக்கம் இவற்றோடு சேர்த்து வைத்த 'டோன்': பேசுகிறவன் கேட்கிறவனிடம் கொள்கிற பாவனை. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்தவர்கள் பின்னதற்கு முன்னதன் வேஷ்டியைக் கட்டிவிட்டார்கள்; வித்தியாசம் மறந்தும் போயிற்று.

மூன்றாவது சரக்கு மொழியியல்காரர்களுடையது. அதன் கனம் எனக்குப் புரிந்தது வியட்நாமிய மொழியில்தான். கொடைக்கானல் கிளையில் வேலை பார்த்த வருஷங்களில், சாயங்காலம் மூடுபனி இறங்கியபின் லாரன்ஸ் தாம்ஸனின் வியட்நாமிய இலக்கணத்தை (1965) வைத்துக்கொண்டு, அதன் கலைச்சொற்களுக்கு நேராகத் தமிழ்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அங்கே உட்கார்ந்து வியட்நாமியமா என்று கேட்கலாம். மலைப்பாதையில் சற்றுக் கீழே செண்பகனூரில் இயேசு சபையார் 1895-ல் நிறுவிய கல்லூரி இருக்கிறது. மதுரை மிஷனின் பழைய கடிதங்கள், ஏடுகள் சேர்த்து வைக்கப்பட்ட இடம். அதே சபையின் அலெக்ஸாண்டர் த ரோத் 1651-ல் ரோமில் வியட்நாமிய - போர்ச்சுக்கீசிய - லத்தீன் அகராதியை அச்சிட்டார். அதே சபையின் அந்தாம் த ப்ரோயென்சா தொகுத்த தமிழ் - போர்ச்சுக்கீசிய அகராதி 1679-ல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. ப்ரோயென்சாவுக்குத் தமிழெழுத்து கைவசம் இருந்தது. ரோதோ, தமக்கு முன்பே பினா முதலிய பாதிரிகள் தொடங்கிய வழியில், லத்தீன் எழுத்தின் மேலும் கீழும் குறிகள் இட வேண்டியிருந்தது. காரணம், 'மா' என்கிற ஒரே அசை ஹனோய்ப் பேச்சில் குரல் போகும் போக்கைப் பொறுத்துப் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு சொற்களாகும். தமிழில் பல், பால் இரண்டையும் பிரிப்பது மாத்திரை. அங்கே அந்த வேலையைக் குரல் செய்கிறது.

'ஒரே அசை' என்று சுலபமாக எழுதிவிட்டேன். என் நோட்டில் முதலில் முரண்டு பிடித்த சொல் அதுதான். 'மலர்' யாப்பில் ஓரசை, நிரையசை, மொழியியலில் ஈரசை. வியட்நாமியம் ஓரசைச் சொற்களின் மொழி என்று ஒருவர் எழுதினால் யாப்பு தெரிந்த வாசகன் மலரையும் அதில் சேர்த்துக்கொள்வான். தொகை என்ற சொல் இன்னும் மோசம். 'தோய் அன் கம்' என்றால் நான், உண், சோறு. வேற்றுமை உருபு இல்லை, காலம் காட்டும் இடைநிலை இல்லை. நடந்து முடிந்ததென்று காட்ட நடுவே தனியாக ஒரு சொல்லை வைக்கிறார்கள். தமிழ்ப் பழக்கத்தில் இதை வேற்றுமைத்தொகை, வினைத்தொகை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே எதுவும் தொகவில்லை. தொகுவதற்கு முதலில் இருந்திருக்க வேண்டுமே!

தொனிக்குப் பதிலாகச் சுரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். சுரம் என்றால் ஸ்தாயியில் ஒரு ஸ்தானம். வியட்நாமியத்தில் முக்கியம் ஸ்தானமல்ல, நகர்வு. ஆறில் இரண்டில் தொண்டை இறுகவும் செய்கிறது. நன்னூலில் பவணந்தி எழுத்துக்களிடையே சிறு திரிபுகளை உண்டாக்குவன என்று சொல்லிப்போகிற எடுத்தல், படுத்தல், நலிதல் எனக்கு இவற்றைவிட உகந்தவையாகப் படுகின்றன. ஏறுவது, இறங்குவது, தாழ்ந்து எழுவது என்று மூன்றுக்கு அவை அநேகமாகப் பொருந்தும். சமமாக நிற்பதற்கும் தொண்டை இறுகும் இரண்டுக்கும் சொல் தேட வேண்டும். தேடலாம், அவசரமில்லை.

இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு 1954-ல் ஒத்ரிகூர் என்ற பிரெஞ்சுக்காரர் பதில் சொன்னார். வியட்நாமியத்துக்கு நம் நாட்டுக் காசியும் சந்தாலியும் தூரத்து உறவு. அவற்றில் இந்த ஏற்ற இறக்கப் பேதம் கிடையாது. வியட்நாமியத்திலும் ஒரு காலத்தில் இருந்திருக்காது. சொல்லின் கடைசியில் நின்ற சில ஒலிகள் தேய்ந்து மறைந்தபோது, முன்னிருந்த உயிரின் ஏற்றமோ இறக்கமோ அவற்றின் வேலையை ஏற்றுக்கொண்டது. முதலெழுத்தின் வல்லோசை, மெல்லோசைப் பேதம் பிறகு மறைந்தபோது மூன்று ஆறாயிற்று. சைகோன் பக்கத்தில் இரண்டு ஒன்றாகி இப்போது ஐந்து. ஒலி வரலாற்றில் கிடைக்கும் இந்தத் துல்லியத்தில் பாதியையாவது விமர்சனத்தில் எதிர்பார்க்கலாமல்லவா?

தமிழில் குரல் சொல்லுக்கு அல்ல, வாக்கியத்துக்குச் சொந்தம். நகைக்கடன் வட்டியைச் சொன்னதும் பூம்பாறைப் பூண்டு விவசாயி 'சரிங்க' என்பார். அதில் சம்மதம் இருக்கலாம், சந்தேகம் இருக்கலாம், என்மேல் ஏளனமும் இருக்கலாம். குரலைச் சொற்களுக்கே செலவழித்துவிட்ட வியட்நாமியர் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், வாக்கியத்தின் கடைசியில் ஒரு சிறு சொல்லைச் சேர்க்கிறார்கள். மரியாதைக்கு ஒன்று, நயமாகக் கேட்க ஒன்று, வியப்போடு வினவ ஒன்று. அதாவது ரிச்சர்ட்ஸின் 'டோன்' அங்கே விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது.

தமிழிலும் அந்த இடம் உண்டு. 'ங்க', 'தானே', 'ஆவது', ஏகாரம், ஓகாரம், 'உம்' எல்லாம் இலக்கணத்தார் இடைச்சொல் என்று ஓரத்தில் உட்கார வைத்தவை. அச்சில் வரும் கவிதைக்குக் குரல் கிடையாது. கேட்பவனிடம் பேசுபவன் கொள்ளும் பாவனை பெரும்பாலும் இவற்றிலும் வரி முறிகிற இடத்திலும்தான் தங்கியிருக்கிறது. புதுக்கவிதைக்காரர்கள் பலர் சிக்கனம் கருதி முதலில் வெட்டுவதும் இந்த இடைச்சொற்களைத்தான். வெட்டியபின் நிற்கிற பெயர்ச்சொற்களின் வரிசையைப் பார்த்து மதிப்புரைக்காரர் 'இறுக்கமான தொனி' என்று எழுதுகிறார். எந்த 'உம்' எடுக்கப்பட்டது, எடுத்ததால் பேச்சு யாரை நோக்கித் திரும்பியது என்று அவர் சொல்லியிருந்தால், அச்சொல்லை அவரிடமிருந்து பிடுங்க நான் முயல மாட்டேன்.