நிலநடுக்கத்தைக் காந்த ஊசி முன்னறிவிக்குமா?

ஏற்காடு வட்டத்து மாரமங்கலத்தில், கையில் ஒரு திசைகாட்டியுடன் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் சேலம் வட்டாரத்தில் உணரப்பட்டது போன்றதொரு நில அதிர்வு வரப்போகிறது. ஊசி முன்கூட்டியே அசைந்து எச்சரிக்குமா? அசையும் என்று நம்புவோர் பலர். அவர்கள் காட்டும் சான்றுகளைச் சற்று உரசிப் பார்ப்போம்.

மிகப் பழைய சான்று ஜப்பானியக் கதை. 1855-இல் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்த பெரிய காந்தத்தில் ஒட்டியிருந்த ஆணிகள் உதிர்ந்தனவாம். கதை சுவையானதுதான். ஆனால் ஆணியைப் பிடித்திருப்பது அந்தக் காந்தமேயன்றிப் பூமியன்று. அதன் முனையருகே உள்ள புலம், புவிக்காந்தப் புலத்தைப்போல் பல நூறு மடங்கு. பூமியின் காந்தம் முழுவதுமே மறைந்தாலும் ஆணி விழாது!

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? அப்படித் தள்ளிவிடவும் முடியாது. காந்தமாக்கிய இரும்புத் துண்டைச் சுத்தியலால் தட்டினால் அதன் காந்தம் குறைவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். பாறையும் அவ்வாறே. சேலத்தையடுத்த கஞ்சமலையில் இருப்பது போன்ற காந்த இரும்புக்கல் கலந்த பாறை, அழுத்தம் மாறும்போது தன் காந்தத்தைச் சிறிது மாற்றிக்கொள்கிறது. 1992-இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸில் 7.3 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்தபோது, அருகிலிருந்த கருவிகள் இதைப் பதிவு செய்தன. மாற்றம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரே ஒரு நானோடெஸ்லா. சேலத்தில் புவிக்காந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. நாற்பதாயிரத்தில் ஒரு பங்கைத் திசைகாட்டி எப்படிக் காட்டும்? அதுவும் அதிர்வின்போது நேர்ந்த மாற்றமே, முன்னறிவிப்பு அன்று.

நுண்ணிய கருவி வைத்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. அது சூரியன். வெயில் ஏற ஏற வானின் அயனி மண்டலத்தில் மின்னோட்டம் வலுக்கிறது. நிலத்தில் காந்தப் புலம் ஏறி இறங்குகிறது. நம் தென்கோடிக்கு அருகே காந்த நடுக்கோடு செல்வதால், திருநெல்வேலிப் பக்கம் இந்த ஏற்றம் சில நாட்களில் நூறு நானோடெஸ்லாவையும் எட்டும். சந்தைக் கூச்சலில் எறும்பின் காலடியைத் தேடுவதற்கு ஒப்பானது இது.

நம்பிக்கையாளர்களின் வலுவான சான்று 1989 அக்டோபர் 17-இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த லோமா பிரீட்டா நிலநடுக்கம். மையத்திலிருந்து 7 கிலோமீட்டரில் இருந்த காந்தக் கருவி இரு வாரங்களுக்கு முன்பிருந்தே மாறுபட்டது. கடைசி மூன்று மணி நேரத்தில் மிகவும் எகிறியது. உலகமே வியந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2009-இல், தாமஸ், லவ், ஜான்ஸ்டன் ஆகிய மூவர் அந்தப் பதிவைப் பிற நிலையப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் துருவினர். கருவியமைப்பின் கோளாறே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆகவே, யாரேனும் இப்படியொரு சான்றுடன் வந்தால் முதலில் கேளுங்கள்: தொலைவில் இரண்டாவது கருவி இருந்ததா? இரண்டிலும் ஒரே நேரத்தில் தோன்றியது பெரும்பாலும் சூரியனின் வேலை. மாரமங்கலத்தில் மட்டும் தோன்றியதா? அப்போது கருவியைப் பிரித்துப் பாருங்கள். அதுவும் பழுதில்லை என்றால்தான் பாறையிடம் போக வேண்டும்.